குரக்குவலி

தென்காசி
11-5-58

அன்புள்ள அண்ணனுக்கு முத்துவடிவு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? கோயமுத்தூர் போகிறவரை ரயிலில் காலை நீட்ட இடம் கிடைத்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மைதானத்தில் விழுந்ததிலிருந்து இந்த ஊருக்கு வேறு பேச்சு இல்லை. உங்கள் மில் டீம் ஜெயித்தது யாருக்கும் ஞாபகம் இல்லை. நீங்கள் ஒருவராக இருபத்தெட்டு பாயிண்ட் போட்டதும் ஞாபகம் இல்லை. கூடைக்குக் கீழே இரண்டு காலும் விறைத்து, பத்து விரலும் கோணிக்கொண்டு கிடந்தீர்களே, அது ஒன்றுதான் ஞாபகம். அதையும் இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். நம் அப்பா விட்டாரா? வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் உள்ளே ஓடி, "இரும்பு குடுங்கலே, இரும்பு குடுங்க" என்று கத்தி, உங்கள் கோச் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பிடுங்கி உங்கள் கையில் திணித்துவிட்டார். ஒருவன் கையில் சாவியைக் கொடுத்தால் அவனுக்கு என்ன வியாதி என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பெற்ற தகப்பனே கொடுத்தபிறகு ஊருக்கு வேறு சாட்சி எதற்கு?

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண், "பாவம், காக்காவலி போலுக்கு. தங்கச்சிய ஆலங்குளத்துல பேசியிருக்காவளே, அவிங்களுக்குத் தெரியுமா?" என்று என்னிடமே கேட்டாள். மாப்பிள்ளையின் அப்பா, அந்த ஆலங்குளத்துப் பெரியவர், டோர்னமெண்ட் கமிட்டியில் ஒருவர். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் கயிற்றை ஒட்டி நின்றேன். நீங்கள் உங்களோடு ஆடிய அப்துல் ஜப்பாரிடம், "குரக்கு இழுக்குலே, காலப் பிடி" என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. வலிப்பு வந்தவன் பேசுவானா? சதை பிடித்து இழுக்கிற குரக்குவலி வேறு, காக்காவலி வேறு. இந்த ஊருக்குக் குரங்கும் காக்காயும் ஒன்றாகிவிட்டது. இரண்டு வரி போதும், ஆலங்குளத்துக்கு எழுதிப் போடுங்கள்.

தங்கள் அன்புத் தங்கை
முத்துவடிவு

கோயமுத்தூர்
19-5-58

தங்கை முத்துவடிவுக்கு அண்ணன் வீரபாகுவின் ஆசிகள். நான் சுகம். கெண்டைச்சதை இரண்டு நாள் கல்லாக இருந்தது, இப்போது ஓடுகிறேன். அம்மாவின் தலைச்சுற்றல் எப்படி என்று நீ எழுதவில்லை.

எனக்கு வந்தது ஒன்றுமில்லாத விஷயம். வேர்வையில் உப்பும் தண்ணீரும் வடிந்துபோனால் சதை தானாக இழுத்துக்கொள்ளும். நினைவு தப்பாது. சேலத்தில் எங்கள் டீமில் இரண்டு பேர் இப்படி விழுந்தார்கள். அங்கே யாரும் சாவி தேடவில்லை.

ஆலங்குளத்துக்கு நான் எழுதினால் நாமே பெரிதுபடுத்தியதாக ஆகும். மாப்பிள்ளை முத்துக்குமாரசாமி வாத்தியார் வேலை பார்ப்பவர், படித்தவர், யோசிப்பார். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். மதராஸ் ராஜ்ய டீமுக்குத் தேர்வு தொடங்கிவிட்டது. எங்கள் கோச் செல்லச்சாமி சார் தேர்வுக் கமிட்டியில் இருக்கிறார். எனக்கு இடம் உறுதி என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்பாவிடம் சொல்.

அண்ணன்
வீரபாகு

தென்காசி
27-5-58

அன்புள்ள அண்ணனுக்கு முத்துவடிவு எழுதிக்கொண்டது. அம்மாவுக்குத் தலைச்சுற்றல் அப்படியேதான் இருக்கிறது. காரணம் தெரிந்ததுதானே.

நேற்று ஆலங்குளத்துப் பெரியவரும் அவர் அக்காவும் வந்தார்கள். வைத்த காப்பியைத் தொடவில்லை. பெரியவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "நமச்சிவாயம், நாங்க ஒண்ணும் வேண்டாம்னு சொல்லல. குடும்பத்துல ஓடுத வியாதியா இல்லையான்னு டாக்டர் கையெழுத்துப் போட்ட காயிதம் ஒண்ணு வேணும். அம்புட்டுத்தான்" என்றார். அந்த அக்காவோ, "காயிதம் எதுக்கு, பையன் ஒரு மண்டலம் குத்தாலத்துல பேரருவிக்குக் கீழ நிக்கட்டும், எப்பேர்ப்பட்ட வலிப்பும் நிக்கும்" என்றாள். நம் அப்பா அதற்கும் தலையாட்டினார். எனக்கு அடுப்படியில் கையிலிருந்த கரண்டியை எறியலாம் போல் இருந்தது.

உள்ளூர் டாக்டரிடம் அப்பா போய்க் கேட்டார். "நான் பாக்காத உடம்புக்கு எப்படி எழுத?" என்றாராம். அதுவும் நியாயம்தான். உங்கள் மில்லில் டாக்டர் இருக்கிறார். அவர் உங்கள் காலைப் பார்த்திருப்பார். ஒரு காகிதம் வாங்கி அனுப்புங்கள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. தை மாதம் என்னைப் பார்க்க எல்லாரும் பஸ்ஸில் வந்தார்கள், அவர் மட்டும் ஆலங்குளத்திலிருந்து சைக்கிளில் வந்தார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "எனக்கு பஸ்ஸுல வந்தா வாந்தி வரும், மாமா" என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார். தன் உடம்பில் ஒரு குறை என்றால் அதை மறைக்காமல் சொல்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். இந்த இடம் கைவிட்டுப் போனால் எனக்குத் தாங்காது.

தங்கை
முத்துவடிவு

கோயமுத்தூர்
22-6-58

தங்கை முத்துவடிவுக்கு அண்ணன் ஆசிகள். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குத் தேர்வுக் காம்ப் காரணம். காலை ஐந்து மணிக்கு ஓட ஆரம்பித்தால் படுக்கும்போதுதான் உட்காருகிறேன். இங்கே மழை இல்லை. அங்கே சாரல் விழுகிறதா?

அப்பாமேல் உனக்கு இருக்கிற கோபம் எனக்கும் உண்டு. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்குக் காலையிலிருந்து தண்ணீர் கிடையாது. தண்ணீர் குடித்தால் வயிறு கனத்து ஓட்டம் குறையும் என்பது செல்லச்சாமி சாரின் சட்டம். வாய் கொப்பளிக்க ஒரு மடக்கு தருவார், துப்பினோமா என்று நின்று பார்ப்பார். பள்ளிக்கூடத்தார் வைத்திருந்த இரண்டு பானைத் தண்ணீரையும் பந்து வைக்கிற அறைக்குள் தூக்கிவைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். சித்திரை வெயில், மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம். கடைசிப் பத்து நிமிஷம் என் உடம்பில் வேர்வைகூட வரவில்லை, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு விழுந்தேன்.

அப்பா என் கையில் திணித்தது அந்த அறைச் சாவியைத்தான். விரல் மடங்கிப்போய் அது என் உள்ளங்கையில் பதிந்து கிடந்தது. "தண்ணி" என்று நான் மூன்று தடவை சொன்னேன். வலிப்பில் உளறுகிறான், வாயில் எதையும் ஊற்றாதீர்கள் என்றார்கள்.

மில் டாக்டர் லீவில் போயிருக்கிறார். வந்ததும் காகிதம் வாங்குகிறேன். ஆலங்குளத்தாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். அருவிக்கு வந்து நிற்க என்னால் ஆகாது. நின்றால் நானே ஒப்புக்கொண்டது போல் ஆகும்.

அண்ணன்
வீரபாகு

தென்காசி
13-7-58

வீரபாகு அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

அப்துல் ஜப்பார் அவன் உம்மாவுக்கு எழுதுகிற கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன் என்று உனக்குத் தெரியும். சைதூன் பீவி பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. நேற்று மத்தியானம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தாள். உரக்க வாசித்துக்கொண்டே வந்தேன். மில் கேண்டீன் சோறு, அவன் கட்டிலில் மூட்டைப்பூச்சி, பிறகு இது: "வீரபாகுவுக்கு டாக்டர் மே பன்னிரண்டாம் தேதியே சர்டிபிகேட் எழுதிக் குடுத்துட்டாரு. அவன் அதைப் பெட்டிக்குள்ள வச்சிருக்கான். அவன் தங்கச்சி கல்யாணம் என்ன ஆச்சுன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க."

என் வாயாலேயே அதை வாசித்தேன். அந்த இடத்தில் நிறுத்திக் காகிதத்தை மடித்தேன். "என்னட்டி நிறுத்திட்ட, எம் பிள்ளைக்குச் சொகமில்லையா?" என்று பெரியம்மா பதறினாள். மூட்டைப்பூச்சிதான் பெரியம்மா, வேறு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

டாக்டர் லீவிலா போயிருக்கிறார்? இரண்டு மாதமாக அந்தக் காகிதம் உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே கிடக்கிறது. நான் இங்கே தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். அவருக்கே என்னைப் பார்க்கச் சங்கடமாகி, "நாளைக்கு வரும் தாயி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

அப்பா என்ன செய்கிறார் தெரியுமா? நீ வரமாட்டேன் என்றதால் உனக்குப் பதிலாக அவரே தினம் விடிகாலை முதல் பஸ்ஸில் குத்தாலம் போய்ப் பேரருவியில் நிற்கிறார். இன்றோடு பதினெட்டு நாள். ஈர வேட்டியோடு திரும்பி வருகிறார். ஊர் அவருக்கும் சேர்த்து வலிப்பு கட்டிவிட்டது.

ஏன் அனுப்பவில்லை என்று மட்டும் எழுது. பொய் எழுதாதே.

முத்துவடிவு

கோயமுத்தூர்
21-7-58

அன்புத் தங்கைக்கு,

நீ என்னை 'நீ' என்று எழுதியதை நான் தப்பாக எடுக்கவில்லை. அப்பாவை அருவிக்குப் போகவேண்டாம் என்று சொல். இந்த வயதில் அந்தத் தண்ணீர் விழுந்தால் பிடரி தாங்காது.

காகிதம் இருக்கிறது. டாக்டர் அதில், நாள் முழுவதும் குடிதண்ணீர் மறுக்கப்பட்டதால் வந்த சதைப்பிடிப்பு, வலிப்பு அன்று என்று எழுதியிருக்கிறார். முதல் பாதியை எடுத்துவிட்டு எழுதித் தாருங்கள் என்று கெஞ்சினேன். "காரணத்த எழுதாம நான் எதையும் எழுத மாட்டேன், தம்பி. இன்னொருத்தன் விழுந்து செத்தா யார் பதில் சொல்லது?" என்றுவிட்டார்.

அதை ஆலங்குளத்துப் பெரியவர் கையில் கொடுத்தால் அவர் டோர்னமெண்ட் கமிட்டியில் வைப்பார். கமிட்டி செல்லச்சாமி சாரைக் கேட்கும். ராஜ்ய டீம் லிஸ்டை எழுதப்போகிறவர் அவர். எட்டு வருஷமாக இந்தப் பந்தைத் தவிர நான் எதையும் நினைத்ததில்லை முத்து. ஆகஸ்ட் பதினைந்தில் லிஸ்ட் வருகிறது. பெயர் வந்த மறுநாள் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். மூன்று வாரம் பொறு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வீரபாகு

தென்காசி
26-7-58

வீரபாகு அண்ணனுக்கு,

அப்பா சொன்னால் கேட்கவில்லை, போய்க்கொண்டுதான் இருக்கிறார். அம்மா படுக்கையில். இது இங்கத்திய நலம்.

நேற்று சாயந்திரம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அவரேதான். இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்பா வீட்டில் இல்லை, நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "காயிதம் வந்துட்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஆடி முடியிற வரைக்கும் எங்க வீட்ல பேசாம இருப்பாவ. அதுக்கப்புறம் என் பேச்சு எடுபடாது. ராயகிரியில இருந்து ஒரு ஜாதகம் வந்து கெடக்கு" என்றார். இருபது மைல் மிதித்து வந்தவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், யாராவது பார்த்தால் தப்பாகப் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் பெட்டியில் இருக்கிறது, துணிக்கு நடுவில் இருக்கிறது என்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உனக்கு எப்படி வந்தது?

ஆடி முப்பத்தொன்று, ஆகஸ்ட் பதினாறாம் தேதி. உன் லிஸ்டுக்கு மறுநாள். தபால் இங்கே வர மூன்று நாள். கணக்கு உனக்கும் தெரியும். இந்தக் கடிதம் கண்டதும் அனுப்பு. நான் பெரியவர் காலில் விழுந்து கமிட்டியில் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அனுப்பு.

முத்துவடிவு

கோயமுத்தூர்
18-8-58

சௌபாக்கியவதியாகப் போகும் தங்கை முத்துவடிவுக்கு அண்ணன் ஆயிரம் ஆசிகளுடன் எழுதுவது. அப்பா அம்மா சுகந்தானே.

லிஸ்ட் வந்துவிட்டது. எட்டாவது பெயர் என் பெயர். மில்லில் மாலை போட்டார்கள். டாக்டர் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இனி யார் கையில் வேண்டுமானாலும் கொடு. ஆவணியிலேயே நாள் பார்க்கச் சொல், லீவு எடுத்துக்கொண்டு நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். பந்தல் வேலை எல்லாம் என் பொறுப்பு.

அண்ணன்
வீரபாகு

தென்காசி
22-8-58

காகிதம் நேற்று வியாழக்கிழமை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆவணி முதல் தேதி, ராயகிரியில் அவருக்கு நிச்சயம் முடிந்தது. பெரியவர் தாம்பூலத்தோடு வந்து தாமே சொல்லிவிட்டுப் போனார். மரியாதையான மனுஷன்.

இத்தனை மாதமும் அவர் பெயரை நான் வாயாலும் சொல்லவில்லை, கடிதத்திலும் எழுதவில்லை. புருஷன் ஆகப்போகிறவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று இருந்தேன். இனிமேல் எழுதினால் தப்பில்லை. முத்துக்குமாரசாமி. முத்துக்குமாரசாமி. இரண்டு தடவை எழுதிவிட்டேன், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

லிஸ்டில் பெயர் வந்ததற்கு அப்பாவுக்குச் சந்தோஷம்.

முத்துவடிவு

கோயமுத்தூர்
8-12-58

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. மூன்றரை மாதமாக எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்து காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஜப்பார் வழியாக உங்கள் சுகம் தெரிந்துகொண்டேன். அம்மா எழுந்து நடமாடுகிறாள் என்று கேட்டு நிம்மதி.

நான் இப்போது ராஜ்ய டீமில் இல்லை. நானாக வெளியே வந்தேன். அங்கேயும் செல்லச்சாமி சார்தான் கோச். அரை இறுதி ஆட்டம், ஆறு பாயிண்ட் பின்னால் இருந்தோம். எனக்குக் கெண்டைச்சதை துடிக்க ஆரம்பித்தது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் விழுவேன் என்று தெரிந்தது. டைம் அவுட் கேட்டு, "சார், தண்ணி" என்றேன். "பொம்பளையாலே நீ, ஆட்டம் முடிஞ்சு குடி" என்றார். உன் ஞாபகம் வந்தது முத்து. நேரே நடந்து போய், மைதானத்து மூலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயைத் திறந்து, ஐந்தாயிரம் பேர் பார்க்க வயிறு நிறையக் குடித்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து குடித்தார்கள். சார் அங்கேயே என் பனியனைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். டாக்டர் இப்போது எங்கள் மில் மைதானத்தில் உப்புப் போட்ட தண்ணீர் அண்டா வைக்க உத்தரவு வாங்கிவிட்டார்.

எல்லாம் உனக்காகச் செய்தேன். பொங்கலுக்கு வரட்டுமா? முகத்தைக் கொடுத்துப் பேசுவாயா?

வீரபாகு

தென்காசி
15-12-58

வீரபாகு அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குப் பிடரிவலி, தைலம் போடுகிறோம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் மில்லில் அண்டா வைத்தது நல்ல காரியம். ஜப்பாருக்குத் தண்ணீர் கிடைக்கும், பெரியம்மாவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டாள். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எனக்காகக் குடித்தேன் என்று எழுதாதே. குடித்தது உன் தாகத்துக்கு. எனக்காகச் செய்ய ஒரு காரியம் இருந்தது. ஒரு கவரில் காகிதத்தைப் போட்டு, நாக்கில் தொட்டு ஒட்டி, மில் வாசல் பெட்டியில் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஐந்தாயிரம் பேர் பார்க்க வேண்டியதில்லை, யாரும் பனியனைக் கேட்டிருக்கமாட்டார்கள். அதைச் செய்ய உனக்கு மூன்று மாதம் கை வரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை.

பொங்கலுக்குக் கட்டாயம் வரவேண்டும். வேலை இருக்கிறது. செங்கோட்டையில் ஒரு இடம் வந்திருக்கிறது. மரக்கடையில் எழுத்து வேலை, முதல் சம்சாரம் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவர்களும் உன்னைப் பற்றிக் கேட்டார்கள். நான் டாக்டர் காகிதத்தை எடுத்துவரப் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "பையனுக்கு முன்ன வலிப்பு இருந்தது உண்மதான். குத்தாலத்துல ஒரு மண்டலம் நின்னு அடியோட தீந்து போச்சு" என்றார். அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. அருவிமேல் அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை. அதன்பிறகு நான் காகிதத்தைக் காட்டினால் அப்பா பொய்யர் ஆவார், இந்த இடமும் போகும். அடுப்பில் போட்டுவிட்டேன்.

தை மூன்றாம் தேதி அவர்கள் உன்னைப் பார்க்க வருகிறார்கள். கேட்பார்கள். ஆமாம், எனக்குக் காக்காவலி இருந்தது, அருவியில் தீர்ந்தது என்று சபையில் உன் வாயால் நீ சொல்லவேண்டும். குரக்குவலி என்று ஆரம்பித்துவிடாதே. அந்தத் தைரியத்தையெல்லாம் கோயமுத்தூரிலேயே வைத்துவிட்டு வா.

முத்துவடிவு